ஒரு மயிரிழை தள்ளி

ஜெல்லை அப்படியே சில்லென்று வயிற்றில் வைத்தால் சுண்டெலிக்கு உடம்பு விறைத்துப்போகும். மயக்கத்தில் கிடக்கிற பிராணி, முகம் சுளிக்கக்கூட அதற்கு வழியில்லை. அதனால் நான் எப்போதும் ஜெல் டப்பாவை வெந்நீரில் போட்டு வைத்து, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் தடவுவேன். கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுவது மாதிரி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் கல்நெஞ்சக்காரன் என்று குறிப்பெழுதிக்கொண்டு நீங்கள் யாரும் இந்த அறையை விட்டுப் போய்விடக் கூடாது.

விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தேன். நீங்கள் மூவரும் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் மருந்தை நம்பிப் பரிசோதனையில் சேர்ந்த பிள்ளைகள் ஏன் பிழைக்கவில்லை என்று தேடிக்கொண்டே போய், கடைசியில் எங்கள் ஸ்கேன் இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறீர்கள். இயந்திரம் கட்டிகளைச் சிறிதாகக் காட்டிவிட்டதாம், அளவீட்டுக் கோளாறாம். என்னை நீங்கள் யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். அந்த இயந்திரம் ஒரு நாளும் தப்பாகக் காட்டியதில்லை. வாயில்லாத ஒன்றின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போட்ட மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சிலருக்கு அங்கேதான் ஒரு பொல்லாத கட்டி முளைக்கும். மருந்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதற்கு முன்னால் சுண்டெலியிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுண்டெலிக்கும் அதே இடத்தில் அதே கட்டி வர வேண்டும். முன்பெல்லாம் வயிற்றைக் கீறித் திறந்து புற்றணுக்களை வைத்துத் தைப்பார்கள். பாதி எலிகள் தையலிலேயே போய்விடும். நான் கீறுவதில்லை. இடது கையில் ஸ்கேன் முனை, வலது கையில் ஊசி, கண் திரையில். சாம்பல் நிறத்தில் சிறுநீரகம் ஒரு அவரைக்கொட்டை மாதிரித் தெரியும், அதன் மேல் எள்ளளவுக்குச் சுரப்பி. ஊசி ஒரு வெள்ளைக் கோடாக உள்ளே வரும். எள்ளுக்குள் நுழைந்து, ஒரு துளியை விட்டுவிட்டு, கசியாமல் திரும்பி வர வேண்டும். நான் மனித வயிறு பார்க்கப் படித்தவன். எலி வயிற்றுக்கு வந்த பிறகு மனித வயிறு எனக்கு மைதானம் மாதிரி இருக்கிறது.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மேடை. முதுகுக்குப் பின்னால்தான். மைக் இல்லாத இடத்திலும் காற்றை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பிக்கிற மனிதர். யார் பார்வையிட வந்தாலும் நேராக என் அறைக்குத்தான் கூட்டி வருவார். "இது சாதாரணக் கை இல்லை. இதுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும்" என்பார். வந்தவர்கள் என் கையைப் பார்ப்பார்கள். எலியை யாரும் பார்த்ததில்லை.

கட்டி வளர்ந்ததும் அதை அளப்பதும் நான்தான். இது உங்களுக்கு முக்கியம். ஒரு எலுமிச்சம்பழத்தை நடுவில் வெட்டினால் பெரிய வட்டம் வரும். ஓரமாக வெட்டினால் சின்ன வட்டம். பழம் என்னவோ அதே பழம்தான். ஸ்கேன் முனை கட்டியின் மேல் நகரும்போது திரையில் வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், நடுவைத் தாண்டியதும் சிறிதாகும். மிகப் பெரியதாகத் தெரிகிற இடத்தில் காலடியில் இருக்கிற மிதிகட்டையை அழுத்தி, படத்தை நிறுத்தி அளக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது முழுக்க முழுக்க அளப்பவன் கையில் இருக்கிறது.

எந்த எலிக்கு மருந்து போகிறது, எதற்கு வெறும் உப்புத் தண்ணீர் போகிறது என்று அளப்பவனுக்குத் தெரியக் கூடாது. அதற்கு எங்களிடம் ஒரு சடங்கே உண்டு. மேடை நேரில் வந்து, கூண்டுகளின் அட்டைகளைத் தன் கையாலேயே காகிதம் ஒட்டி மறைப்பார். "அறிவியல் குருடாக இருக்க வேண்டும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். புகைப்படக்காரர்கூட ஒருமுறை வந்தார். ஆனால் அந்த மருந்துக்கு ஒரு குணம் இருந்தது. குடித்த எலியின் மூத்திரம் மஞ்சளாகப் போகும், இரண்டே நாளில் வாலும் மஞ்சளாகிவிடும். பாதிக் கூண்டுகளில் மஞ்சள் வால், பாதியில் வெள்ளை வால். கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் தெரியும். அட்டையில் காகிதம் மட்டும் கச்சிதமாக ஒட்டியிருக்கும்.

முதல் தொகுதி எலிகளில் மருந்து வேலை செய்தது. நிஜமாகவே செய்தது. கட்டிகள் கொஞ்சம் சுருங்கின. மேடை அன்றே மருந்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார், பெயரில் விடியல் வருகிற மாதிரி. இரண்டாம் தொகுதியில் கட்டிகளுக்கு விடியல் பற்றி ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவை பாட்டுக்கு வளர்ந்தன. நான் முதல் மஞ்சள் வால் எலியை அளந்துகொண்டிருந்தபோது மேடை பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா, வளர்ந்திருக்கா?"

"கொஞ்சம், சார்."

"கொஞ்சம்னா கொஞ்சமா, நிறையவா?"

"நிறையன்னு சொல்ல முடியாது, சார்."

"சொல்ல முடியாதுன்னா சொல்லாதே. இன்னொரு தடவை பாரு. நீ பார்த்தா சரியா இருக்கும்."

அவர் மேல் நான் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. குறைத்துக் காட்டு என்று அவர் சொல்லவே இல்லை. அவர் என்றைக்குமே எதையும் சொன்னதில்லை. மணிக்கணக்காகப் பேசுவார், அவ்வளவுதான். நான் இன்னொரு தடவை பார்த்தேன். நடுவுக்கு ஒரு மயிரிழை முன்னால் என் கால் கட்டையை அழுத்தியது. வட்டம் சின்னதாக, லட்சணமாக இருந்தது. என் தோளில் அவர் கை விழுந்தது.

நான் யோசிக்காமல் செய்துவிடவில்லை. மருந்து நல்ல மருந்து என்று முதல் தொகுதியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் தொகுதி எலிகள் கொஞ்சம் மந்தமான கூட்டம், சரியாகச் சாப்பிடவும் இல்லை. எலிகள் செய்த தப்புக்குப் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்? மருந்து என்ன செய்திருக்க வேண்டுமோ அதைத்தான் நான் படமாகக் கொடுத்தேன். மஞ்சள் வாலுக்கு ஒரு மயிரிழை தள்ளி. வெள்ளை வாலுக்குச் சரியாக நடுவில். வெள்ளை வால்களில் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்தது ஒருத்திதான். ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருந்த பெண், தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடி என்றே கூப்பிடுவோம்.

"சார், வால் மஞ்சளா இருக்கற எலியில எல்லாம் நீங்க சீக்கிரம் நிறுத்திடறீங்க."

"அப்படியாம்மா? கை வழக்கம்."

"நடுவுக்கே போகலையே, சார்."

"நடு எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ எத்தனை எலி பார்த்திருப்பே?"

"எலி கம்மிதான், சார். எலுமிச்சம்பழம் நிறைய வெட்டியிருக்கேன்."

வாய் கொஞ்சம் நீளம். அவள் நேராக மேடையிடம் போய், கடைசியில் எலிகளின் வயிற்றைத் திறந்து கட்டிகளை எடுத்துத் தராசில் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டாள். எல்லா ஆய்வகங்களிலும் செய்வதுதான். மேடை அவளை உட்காரவைத்து, உயிர்களிடம் அன்பு என்பது பற்றி நீண்ட நேரம் பேசினார். ஸ்கேனில் கண்ணால் பார்க்கிறபோது கத்தி எதற்கு என்று கேட்டார். அடுத்த வாரமே எங்கள் ஆய்வகத்துக்குக் கருணைக் கொள்கை என்று ஒன்று வந்தது, வாசலில் பலகையும் வந்தது. அதன்படி எலிகள் முன்பு போலவே வாயுப் பெட்டியில் கொல்லப்பட்டன. ஆனால் வயிறு திறக்கப்படாமல், முழு மரியாதையோடு குப்பைப் பைக்குப் போயின. அந்தக் கொள்கைக்கு ஒரு விருதும் கிடைத்தது. கண்ணாடியை மீன் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் போவதற்கு முன்னால் சில எலிகளைத் திறந்து, கட்டிகளை எடுத்து, பெயர் ஒட்டி உறைபெட்டியின் அடியில் வைத்துவிட்டுப் போனாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது பண்பாடு இல்லை என்பது என் அபிப்பிராயம். போகட்டும்.

மருந்து எலியைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போனது.

என் தங்கை மகளுக்கு அப்போது நாலு வயது. என்னை எலி மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"எலி மாமா, உங்க எலிக்கு வயிறு வலிச்சா யாருகிட்ட சொல்லும்?"

"என்கிட்டதான்."

"எனக்கும் வலிக்குது."

தங்கை அடுக்களையிலிருந்தே, "பள்ளிக்கூடம் போகாம இருக்கறதுக்கு இது ஒரு சாக்கு. நாளைக்குப் பாரு, தலையும் வலிக்கும்" என்றாள். நான் குழந்தையின் வயிற்றில் கை வைத்தேன். வைத்ததுமே தெரிந்தது. வலது பக்கம், சிறுநீரகத்துக்கு மேலே. என் கை அப்படி.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த அம்மாள் நல்ல வேலைக்காரி. பக்கத்தில் நின்று பார்த்தேன். முனையை நகர்த்திக்கொண்டே போய், வட்டம் ஆகப் பெரிதாக இருந்த இடத்தில், ஒரு மயிரிழைகூட முன்னே பின்னே இல்லாமல் நிறுத்தினாள். மனதுக்குள் பாராட்டினேன்.

பெரிய டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பழைய சிகிச்சை. கடுமையானது. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், பிள்ளை துவண்டுபோகும். ஆனால் இந்த அளவில் கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். இன்னொன்று, புதிய பரிசோதனை. பழைய சிகிச்சையில் ஆகக் கடுமையான பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எங்கள் மருந்து. முடிகூடக் கொட்டாது. மூத்திரம் மட்டும் மஞ்சளாகப் போகுமாம்.

தங்கை என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர்.

"அண்ணா, நீ சொல்லு. அவர் ரெண்டு வழி சொல்றாரு, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. காதுல ஒண்ணும் ஏறலை."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர். "மச்சான் கண்டுபிடிச்ச மருந்து. நம்ம வீட்டு மருந்து."

"நான் கண்டுபிடிக்கலை, மாப்பிள்ளை. அளந்தேன், அவ்வளவுதான்."

"அளந்தவருக்குத் தெரியாததா?"

தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம், அண்ணா. நீ சொல்றதுதான்."

அந்த இடத்தில் நான் நிதானமாகவே யோசித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்காமல் அவள் எதையும் விட்டதில்லை. ஒரு காரணம் சொன்னால் இன்னொரு காரணம் கேட்பாள். அது மேடை வரைக்கும் போகும், மருந்து வரைக்கும் போகும், உலகம் முழுக்க அந்த மருந்துக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் வரைக்கும் போகும். ஒரு குழந்தைக்காக அத்தனை பேருடைய நம்பிக்கையையும் உடைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எனக்கு வேண்டியவள் என்பதற்காக அவளை மட்டும் தனியாகக் காப்பாற்றினால் அது சுயநலம். நான் அப்படி வளர்ந்தவன் இல்லை.

"சேர்த்துடும்மா" என்றேன்.

செய்தி மேடைக்குப் போனதும் அவர் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். எங்கள் விஞ்ஞானி தன் சொந்த ரத்தத்தையே நம்பி ஒப்படைத்த மருந்து என்று மருத்துவமனை வராந்தாவில் பெரிய படம் வைத்தார்கள். அதில் நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். குழந்தை புகைப்படக்காரரின் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். சேரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த பெற்றோர்கள் அந்தப் படத்துக்கும் எனக்கும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒருவர், லாரி ஓட்டுகிறவர், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், உங்க வீட்டுப் பிள்ளையும் இதுலதான் இருக்குதாமே?"

"ஆமாம்."

"அப்ப சரிங்க, சார்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அவருக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பையன்.

முதல் மாதம் குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். முடி கொட்டவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைகளிடம் தன் மஞ்சள் மூத்திரத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டாள். அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. டாக்டர் யோக்கியமான மனிதர். இப்போதே பழைய சிகிச்சைக்கு மாறிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தங்கை ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பெருசாயிருக்காம். மாத்திடலாமான்னு கேக்கறாங்க. கையெழுத்துப் போடட்டுமா?"

"அவசரப்படாதே. மருந்து வேலை செய்யறப்ப உள்ள ஒரு வீக்கம் வரும்மா. அதைப் பார்த்துப் பயந்து பாதியில விட்டவங்கதான் ஜாஸ்தி."

"நிஜமாவா அண்ணா?"

"நான் எத்தனை பார்த்திருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தை முழு உண்மை. நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த வீக்கம் இறங்கி மட்டும் பார்த்ததில்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. டாக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "எங்கண்ணனுக்குத் தெரியாததா டாக்டர்" என்று அவள் சொல்லிவிட்டாளாம். கடைசியில் அவர் பிடிவாதமாகப் பழைய சிகிச்சைக்கு மாற்றியபோது அது எலும்புக்குள் போயிருந்தது. அதன் பிறகு முடியும் கொட்டியது, வாயும் புண்ணானது. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லாரிக்காரர் பையன் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டான். தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ கூடவே இருந்தே அண்ணா. அது போதும்" என்றாள். நானும் அழுதேன். அதை யாரும் நடிப்பு என்று சொல்ல முடியாது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மீன் பிரிவிலிருந்து கண்ணாடி வந்தாள், உறைபெட்டியின் அடியிலிருந்து கட்டிகள் வந்தன. தராசு ஒன்று சொல்லிற்று, படம் ஒன்று சொல்லிற்று. நீங்கள் தராசையும் நம்பினீர்கள், என்னையும் நம்பினீர்கள். மிச்சம் இருந்தது இயந்திரம் ஒன்றுதான். மேடை இப்போது இயந்திரங்களை நம்புவதன் ஆபத்து என்ற தலைப்பில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு நன்றாக இருப்பதாகக் கேள்வி. போன வாரம் கம்பெனி ஆட்கள் வந்து அந்த இயந்திரத்தின் வயரைப் பிடுங்கி, மேலே ஒரு துணியைப் போட்டு, பழுது என்று எழுதி ஒட்டினார்கள். துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது, அவர்கள் போனதும் நான்தான் சரியாக இழுத்துவிட்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயந்திரக் கோளாறு என்றால் எல்லா எலியிலும் அல்லவா இருக்க வேண்டும்? மஞ்சள் வாலில் மட்டும் எப்படி வரும்? கோளாறு என்றால் கூடவும் வரும், குறையவும் வரும். இது எல்லாப் படத்திலும் ஒரே அளவு, சீராக. அந்தச் சீரை ஒரு இயந்திரத்தால் கொடுக்க முடியாது. இந்த வேலையில் என்னைத் தவிர வேறு எவனாலும் முடியாது. எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் வால் எலிகளின் கட்டிகளை வேண்டுமென்றே நான்தான் சிறிதாக அளந்தேன். மருந்து வேலை செய்யவில்லை என்பது எனக்கு இரண்டாம் தொகுதியிலேயே தெரியும். தெரிந்தேதான் என் தங்கை மகளைச் சேர்க்கச் சொன்னேன். தெரிந்தேதான் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். என்னைப் பார்த்து மற்றவர்கள் சேர்ந்தார்கள். யாருக்கும் கெடுதல் நினைத்து நான் எதையும் செய்யவில்லை.

கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். இதைத் தங்கையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் இன்னும் தேறவில்லை. இளையவன் ஒருத்தன் இருக்கிறான், இரண்டு வயது. அவன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டால்கூட இவள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை ஸ்கேன் பார்த்துவிட்டால்தான் தூக்கம் வருமாம். வேறு யார் பார்த்துச் சொன்னாலும் நம்ப மாட்டாளாம், அண்ணன்தான் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஸ்கேன் மையம் வைத்திருக்கிறார், நாளைக் காலையில் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். பாவம், நாளை வரைக்கும் தவித்துக்கொண்டிருப்பாளே என்று, ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறான் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.